ஜீபோ ஊரை அடைச்சு வச்சிருந்ததும் செய்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற புர்கினா ஃபாசோ நாட்டைப் பத்தி நம்ம பத்திரிகைகள்ல வர்றது ரெண்டே ரகம்தான், ஒண்ணு ராணுவப் புரட்சி, இல்லேன்னா "தீவிரவாதிகள் தாக்குதல், இத்தனை பேர் பலி"ன்னு நாலு வரி. 2025 மே மாசம் ஜீபோங்கற ஊர்ல ராணுவ முகாமை ஜேஎன்ஐஎம்ங்கற ஆயுதக் குழு ஆளுங்க அடிச்சப்ப நான் பார்த்த செய்தியும் அப்படித்தான் இருந்துச்சு, அந்த ஊர் அதுக்கு முன்னாடியே மூணு வருஷமா முற்றுகையில கெடந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. மனசு கேக்காம எழுதறேன்.

ஜீபோ நாட்டோட வடக்குல, மாலி எல்லைப் பக்கம் இருக்கற ஊர். சூம் பகுதிக்குத் தலைநகர்ன்னாலும் சுத்திலும் கிராமங்கதான், மாடு ஆடு மேய்க்கற ஃபுலானி சனங்க, கம்பு சோளம் வெதைக்கறவங்க. கால்நடைச் சந்தைக்குப் பேர் போன ஊர் அது. 2022 பிப்ரவரில அல்கொய்தாவைச் சேர்ந்த இந்த ஜேஎன்ஐஎம் ரோட்டையெல்லாம் மறிச்சு, கண்ணிவெடி வச்சு, தண்ணி எடுக்கற இடங்களையும் நாசம் பண்ணாங்க. அக்கம்பக்கத்து கிராமத்துலருந்து உயிர் தப்பி ஓடி வந்தவங்களால ஊர் ஏற்கெனவே பிதுங்கிப் போயிருந்த நேரம் அது. காட்டுக்குப் போய் வெதைக்க முடியாது, மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்ட முடியாது, லாரி வராது. இலைதழையை அவிச்சுத் தின்னு உயிரைப் பிடிச்சிருந்தாங்க சனங்க. ஐநா உணவுத் திட்டம் ஹெலிகாப்டர்ல சாப்பாடு கொண்டுபோய் இறக்குச்சு, ஆனா அத்தனை பேருக்கு ஹெலிகாப்டர்ல எவ்வளவுதான் கொண்டுபோக முடியும்?

லாரிங்க ராணுவப் பாதுகாப்போட கான்வாயா கெளம்பினாலும் போய்ச் சேரும்ன்னு நிச்சயமில்ல. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி ஒரு கான்வாய் கண்ணிவெடில சிக்கி 35 பேராவது செத்தாங்க. அதே மாசம் 26ஆம் தேதி ஜீபோவுக்குப் போன இன்னொரு கான்வாயை கஸ்கின்டேங்கற இடத்துல மடக்கி லாரிங்களைக் கொளுத்துனாங்க. நாலே நாள்ல, 30ஆம் தேதி, இந்த மாதிரி தாக்குதலை எல்லாம் தடுக்க முடியலன்னு சொல்லி, இப்ராஹிம் த்ராவோரேங்கற ராணுவ கேப்டன் முன்னாடி இருந்த ராணுவ ஆட்சியைக் கவுத்துட்டு ஆட்சியைப் பிடிச்சாரு. உலகம் பூரா அந்தப் புரட்சிதான் தலைப்புச் செய்தி. அரிசி போகாத ஊருக்கும் அந்த ஆட்சி கவுந்ததுக்கும் தொடர்பு இருக்குன்னு எத்தனை பேர் சேர்த்து எழுதினாங்க?

2023 நவம்பர் 26ல ஜீபோ மேல மறுபடி பெரிய தாக்குதல், குறைஞ்சது 40 பொதுமக்கள் செத்ததா ஐநா மனித உரிமை அலுவலகம் சொல்லுச்சு.

இன்னொண்ணையும் விட்டுடக் கூடாது. சனங்க பயப்படறது ஆயுதக் குழுவுக்கு மட்டும் இல்ல. 2020ல ஜீபோவைச் சுத்தி குறைஞ்சது 180 ஆம்பளைங்களோட பிணங்களைப் புதைகுழிகள்ல கண்டெடுத்ததைப் பத்தி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு அறிக்கை போட்டுச்சு, அரசுப் படைங்கதான் கொன்னதுன்னு ஊர்க்காரங்க அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க, நிறைய பேர் ஃபுலானிங்க. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினா அந்த ஊர் படற பாடு பாதிதான் தெரியும், அந்தச் சனங்களுக்குச் செய்யற அநியாயம் அது.

நிருபரை அங்க அனுப்பறது லேசுப்பட்ட காரியம் இல்லன்னு எனக்கும் தெரியும். அங்கத்த அரசாங்கம் ஆர்எஃப்ஐங்கற ஃபிரெஞ்சு ரேடியோ, ஃபிரான்ஸ் 24 டிவின்னு ஒவ்வொண்ணா ஒளிபரப்பை நிறுத்தி வச்சுது, 2024 ஏப்ரல்ல பிபிசி ஆப்பிரிக்காவைக்கூட ரெண்டு வாரம் நிறுத்துச்சு. ஆனா ஐநா அறிக்கை, ஆம்னெஸ்டி அறிக்கையெல்லாம் எல்லாரும் படிக்கற மாதிரித்தானே இருக்கு? அதைப் பார்த்து ஒரு அரைப்பக்கம் போடுங்க சார், கூட ஒரு மேப்பும் வேணும், இங்க முக்கால்வாசிப் பேருக்கு அந்த நாடு எங்க இருக்குன்னே தெரியாது. அடுத்த தடவை ஜீபோன்னு செய்தி வந்தா செத்தவங்க கணக்கோட நிறுத்திடாம, ரோடு தொறந்திருக்கா, கடைசியா லாரி எப்ப போச்சு, கெணத்துல தண்ணி எடுக்க முடியுதா, சந்தைல கம்பு என்ன விலைங்கறதையும் கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி