கடையத்துக்காரியின் பெஞ்சு

தென்காசி
14.07.2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே சாரல் பிடித்து நாலு நாளாக வெயில் முகமே காணோம். துணி காயவில்லை, ஆனால் மனசுக்கு நன்றாக இருக்கிறது. மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை முழுக்க மேகத்துக்குள் போயிருக்கிறது. இந்தப் பருவத்தில் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அலுத்துவிட்டது, இந்த வருஷமாவது வா.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் வாழ்க்கையென்றால் என்னவென்றே தெரியாது" என்று எழுதியிருந்தாய். போன வருஷம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் வாயில் அந்த வார்த்தை வர மறுக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்காவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவர் மகள் போன வருஷம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். அதுவும் நம் இயற்பியல்! அப்ளிகேஷன் எல்லாம் இப்போது ஆன்லைன்தான். மார்க், சாதிச் சான்றிதழ், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே செல்போனில் போட்டு முடித்துவிட்டாள். கலந்தாய்வுக்கு மட்டும் துணைக்கு வரச் சொன்னார்கள் என்று நானும் போனேன். நம் அப்பாமார் மஞ்சள் பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு பிரின்சிபால் அறை வாசலில் காலையிலிருந்து நின்றதை அங்கே நினைத்துக்கொண்டேன்.

பூக்கார அக்கா கல்லூரி கேட்டுக்கு உள்ளே வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க டீச்சர், நான் இங்க நிக்கேன்" என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். விரலெல்லாம் வாழைநார் அறுத்த தழும்பு. கடைசியில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஆபீசில் சொல்லவும் மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதி, எழுதி முடித்தும் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளை. முதல் நாள் உள்ளே வந்த இரண்டாவது ஆள் அதன் அம்மா.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மோடு படித்த கடையத்துக்காரி நினைவாகவே இருந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா? 1980-ல் நாம் சேர்ந்தபோது ப்ளஸ் டூ முடித்து நேராகப் பட்டப்படிப்புக்கு வந்த முதல் செட் நாம்தான். நமக்கு முந்தின வருஷத்து அக்காமார் பி.யூ.சி. என்று கல்லூரியிலேயே ஒரு வருஷம் புகுமுக வகுப்பு படித்து வந்தவர்கள், நம்மைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றே கூப்பிடுவார்கள். வகுப்பில் 32 பேர். எல்லாரும் தாவணி, கையில் டிரங்குப் பெட்டி. திங்கட்கிழமை காலை ரயிலில் நான் தென்காசியில் ஏறுவேன், கடையத்துக்காரி கீழக்கடையத்தில் ஏறுவாள். நீ அம்பாசமுத்திரத்தில் ஏறும்போது உனக்கு இடம் பிடித்து வைத்திருப்போம். அவள் வீட்டு அதிரசம் சேரன்மகாதேவி வருவதற்குள் தீர்ந்துவிடும்.

நம் மூன்று பேரில் நன்றாகப் படித்தவள் அவள்தான். இருட்டறையில் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒளி திரும்பும் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். முப்பட்டகத்தைத் திருப்பத் திருப்ப, கோடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும் பார். அந்தத் திரும்பும் இடத்தை நமக்குப் பிடிக்கத் தெரியாது. அவள் ஒரே பார்வையில் பிடித்து, "ஏட்டி, இங்கதான் நிக்கி, வெர்னியர வாசி" என்பாள்.

இரண்டாம் வருஷம் தீபாவளி லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை கீழக்கடையத்தில் அவள் ஏறவில்லை. அடுத்த வாரம் அவள் அண்ணன் வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நாமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தபோது வார்டனம்மா பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்தார்கள். நாம் வாழ்த்துத் தந்தி கொடுத்துவிட்டு டிஃபன் சாப்பிடப் போனோம். யாருக்கும் அது அநியாயமாகவே தோன்றவில்லை. 32 பேரில் மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதியது 25 பேர். மற்ற ஏழு பேரில் ஒருத்தி டைஃபாய்டில் நின்றாள். ஆறு பேர் கழுத்தில் தாலி ஏறியதால் நின்றவர்கள்.

நம் காலம் பொற்காலம் என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கணக்கை நாம் சேர்ப்பதில்லை. மரத்தடிப் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை விசிட்டர் நேரம், இன்லண்டு லெட்டருக்குக் காத்திருந்தது என்று இருந்தவர்கள் கதையைத்தான் சொல்கிறோம். பாதியில் எழுந்து போனவர்களுக்கு அது என்ன காலமாக இருந்தது என்று யார் கேட்டார்கள்?

நடுவில் என் மகள் காலம் ஒன்று வந்தது, அது வேறு மாதிரி. அவள் 2004-ல் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அப்போது நுழைவுத் தேர்வு உண்டு, ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட் ஆஃப். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்கு நானும் அவள் அப்பாவும் கூட்டிக்கொண்டு போனோம். திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை இடம் என்று ஓடும். கண்ணுக்கு முன்னாலேயே எண் குறையக் குறைய வயிற்றைப் பிசையும். கிடைத்தது எலக்ட்ரிக்கல், ஆனால் வேலைக்குப் போனது சாஃப்ட்வேர். அவளோடு படித்த சிவில்காரர்கள், மெக்கானிக்கல்காரர்கள் எல்லாரையும் அதே கம்பெனிகள்தான் அள்ளிக்கொண்டு போயின. அவள் படித்த தனியார் கல்லூரியில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் நின்று பேசினால் ஃபைன் போட்டார்கள். நாம் கட்டிய ஒரு வருஷ ஹாஸ்டல் பணத்தை அவள் ஒரு செமஸ்டருக்குப் புத்தகத்துக்கே செலவழித்தாள். நான்கு வருஷமும் எனக்கு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்த நினைவு குறைவு. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். வேலை கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் விட்டுவிட்டேன். சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்தப் பூக்காரப் பிள்ளைக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் பேருக்கே பேங்கில் விழுகிறது. 2022-ல் தொடங்கிய திட்டம். முதல் மாதப் பணத்தில் ஒரு கால்குலேட்டரும் அம்மாவுக்குச் செருப்பும் வாங்கினாள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவும் இல்லை. தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருக்கும் 100 பிள்ளைகளுக்கு 47 பேர் என்ற கணக்கில் உயர்கல்வியில் இருக்கிறார்கள் என்று 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் 28 பேர்தான். இந்த 47-ஐப் படித்தபோது அந்த அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்புதான் கண்ணுக்குள் வந்தது.

"அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலியா?" என்று தெருவில் யாரோ கேட்டதற்கு அக்கா, "அவ படிச்சு முடிக்கட்டும், மாசம் 1000 வருதுல்லா" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். பணத்துக்காகத்தான் சொன்னார் என்றே வைத்துக்கொள். கடையத்துக்காரி வீட்டில் அப்படிச் சொல்வதற்கு ஒரு சாக்குக்கூட இல்லாமல் போயிற்றே.

அதற்காக எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நீ எழுதியதில் ஒன்று உண்மைதான், இவர்களுக்கு நேரம் இல்லை. அவள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் மத்தியானம் முடிந்ததும் அடுத்த ஷிப்ட் பிள்ளைகள் அதே பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து பேச யாருக்கும் வழியில்லை. வீட்டுக்கு வந்தால் பூ. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது பூக்கூடையில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். யாரோ ஒரு வாத்தியார் தமிழில் ஒளியியல் நடத்திக்கொண்டிருக்கிறார், வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள். கண் போனில், கை மல்லிகையில். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. ஒரு முடிச்சும் தவறவில்லை. "காலேஜ்ல யாரு உனக்கு ரொம்ப சிநேகம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "குரூப்ல எல்லாரும் பேசுவாங்க டீச்சர்" என்றாள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஒரு பெயர்கூட அவளுக்குச் சட்டென்று வரவில்லை. நமக்கு என்றால் அந்தக் கேள்விக்கு யோசிக்கவா வேண்டும்?

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பில் இருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வா, ரெக்கார்டு நோட்டு எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் ஒரு பிள்ளை வந்தாள், போன வாரம் நான்கு பேர். சுண்டல் அவித்து வைத்தேன். பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் சிரிப்பு. மாடியில் அவர்கள் சத்தம் கேட்டுக்கொண்டு நான் கீழே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் எழுதியது ஸ்பெக்ட்ரோமீட்டர் பரிசோதனை. அதே முப்பட்டகம், கோடு திரும்பும் இடத்தின் அதே சிறும திசைமாற்றக் கோணம், அதே வெர்னியர் ஒன்று, வெர்னியர் இரண்டு. லாக் டேபிள் மட்டும் போய்விட்டது, கால்குலேட்டரில் சைன் மதிப்பைத் தட்டிவிடுகிறார்கள். "கோடு திரும்புற இடத்தைப் பிடிக்கவே முடியல டீச்சர்" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். என் பூக்காரப் பிள்ளை, "எனக்குத் தெரிஞ்சுது, நான் காட்டுதேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உன் அத்தை வீட்டு ஆட்கள் இன்னும் கடையத்தில்தானே இருக்கிறார்கள்? அவளைக் கட்டிக் கொடுத்தது ராஜபாளையம் பக்கம் என்று அப்போது பேச்சு. அவள் அண்ணன் இருக்கிறாரா, விலாசமோ போன் நம்பரோ கிடைக்குமா என்று விசாரித்து எழுது. அவள் விட்டுப்போன அப்சர்வேஷன் நோட்டு 44 வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீயும் வந்தால் ரயிலிலேயே போகலாம்.

உன் பழைய ரூம்மேட்