ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். ஏழு மாதங்களாக உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு நீ திட்டத்தான் செய்வாய். நேரில் வந்தே திட்டு. உன்னை வரச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, இரண்டரை வயதான என் பேத்தி கொல்லையிலுள்ள சிமெண்ட் தொட்டியில் தலைகுப்புற விழுந்துவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது. மருமகள் அடுப்படியிலும் நான் திண்ணையிலும் இருந்தோம். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூழ்குகிற பிள்ளை அலறும், கைகால் அடித்துக்கொள்ளும் என்று அறுபது வருடமாக நம்பியிருந்தேன். தலைப்பாரம் மிகுந்த சின்னக் குழந்தை விழுந்தால் நிமிர முடியாது, மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும் என்று அன்றுதான் புரிந்தது. தூக்கியபோது மூச்சு இல்லை. கூடியவர்களில் பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்துச் சுற்றச் சொன்னார்கள், மீதிப் பேர் வயிற்றை அமுக்கச் சொன்னார்கள். எதிர்வீட்டுச் செவிலியர் அத்தனை பேரையும் விலக்கிவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். 108 வருவதற்குள் பிள்ளை இருமி அழுதாள். வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று பிறகு விளக்கினார்.

அதன்பின் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 2021இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்றும், அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு குளமுள்ள வங்காள தேசத்தில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலில்தான் சின்னப் பிள்ளைகள் அதிகம் இறப்பதைக் கண்டறிந்து, காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை ஊர்ப் பெண் ஒருவர் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதன் பெயர் ஆஞ்சல். வங்காளியில் முந்தானை என்று பொருள். 2020இல் பெரம்பலூர்ப் பக்கம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை, மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இழுத்துக் காப்பாற்றினார்களே, அந்தப் பெயரைப் படித்தபோது அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நம் ஊரிலும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் பெண்கள் போகிற நேரம் அதேதான். தை முதல் மேலத்தெருச் சித்தி வீட்டுத் திண்ணையில் பதினோரு பிள்ளைகள் உட்காருகிறார்கள். பண்ணையார் வீட்டுப் பாழுங்கிணற்றுக்குக் கம்பிவலை போட்டாகிவிட்டது. படித்துறையில் கயிறு கட்டிய காலிக் கேன் ஒன்று தொங்குகிறது. நீந்தத் தெரியாதவர் குதிக்காமல் அதை வீச வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம்.

என் கவலை பெரிய பிள்ளைகளைப் பற்றியது. நமக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளிவிட மாமா இருந்தார். இவர்களுக்குக் கிணறும் இல்லை, மாமாவும் இல்லை. மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்ததும் கொள்ளிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். மணல் அள்ளிய குழி மேலே தெரிவதில்லை, இடுப்பளவு என்று அடியெடுத்து வைத்தால் அடுத்த அடியில் ஆள் மட்டம் தாண்டிவிடுகிறது. சுப்புணி மகனை நாம் அப்படித்தானே கொடுத்தோம்?

வழக்கமாக ஜூன் 12இல் அணை திறப்பார்கள். அதற்கு முன் மே மாதத்தில் மூன்று வாரம் வந்து தங்கு. கோயில் குளத்தில் மார்பளவுத் தண்ணீர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிதக்கவும், மூச்சைப் பிடிக்கவும், கரைக்குத் திரும்பவும் உன்னைப்போல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எருமை வாலைப் பிடித்து ஆற்றைக் கடந்தவனுக்கு அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

வரும்போது உன் பேரனையும் அழைத்து வா. அவனுக்கு இன்னும் நீந்தத் தெரியாதென்று உன் மனைவி போன தடவை சொன்னார்கள்.

அன்புடன்,
ராமு