சூட்டில் மட்டும் செத்துப்போகும் வண்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வீட்டில் சத்தமில்லை. கிடைத்த நேரத்தையெல்லாம் வண்டி தின்றுவிட்டது.

ஆமாம், அதே கிழட்டு மோட்டார் சைக்கிள்தான். மாசிக் கடைசியில் அதில் கொல்லிமலை ஏறினேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முக்கி முனகினாலும் நிற்காமல் ஏறியது. மலைமேல் செம்மேட்டில் தேநீர் குடிக்க நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிக்கரை மிதித்தால் ஒரு இருமல்கூட இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே மிதியில் கிளம்பியது.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். அங்கே சமர்த்தாகக் கிளம்பும். ஒருவர் பொறி தரும் பிளக்கை மாற்றினார், இன்னொருவர் கார்புரேட்டரைக் கழுவினார். எனக்குச் செலவு, வண்டிக்குக் குளியல்.

நீ தொலைபேசியில், வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டில்தான் கோளாறு என்றாய். நியாயமான சந்தேகம்தான், இடைவெளி குறைந்திருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் போய்விடும். ஆனால் செம்மேட்டில் கிக்கர் என் காலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது, அதாவது அழுத்தம் போகவில்லை. இருந்தாலும் உன் மரியாதைக்காகக் குளிர்ந்த எஞ்சினில் அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துப் பெட்ரோல் இறங்காமல் இருக்குமோ என்று மூடியைத் திறந்தும் மிதித்துப் பார்த்தேன். பயனில்லை.

கடைசியில், குற்றவாளியைச் சூட்டிலேயே பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பழைய பிளக்கையும் மின்தடை அளக்கும் மல்டிமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம் வரை நல்ல வெயிலில் ஓட்டினேன். ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் முக்கியம். ஓடும்போது காற்று எல்லாவற்றையும் ஆற்றிக்கொண்டே இருக்கும். நின்ற பிறகுதான் எஞ்சினின் உள்சூடு வெளியே பரவிக் காயில், கார்புரேட்டர் எல்லாவற்றையும் வாட்டும். வழியெல்லாம் ஓடிய வண்டி தேநீர்க் கடையில் மக்கர் செய்வது அதனால்தான்.

எதிர்பார்த்தபடியே கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன்: ஈரம், பெட்ரோல் வாசனை. பெட்ரோல் வருகிறது. அந்த ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, பழைய பிளக்கைத் தொப்பியில் செருகி, எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து மிதித்தேன். பொறியே இல்லை.

பக்கவாட்டு மேக்னட் மூடிக்குள் இருக்கும் பிக்கப் காயிலின் (பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்லும் சின்னக் கம்பிச்சுருள்) இணைப்பைப் பிரித்து மீட்டரை வைத்தேன். காலையில் வீட்டில் 210 ஓம் காட்டியிருந்தது. சூட்டில் செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 260, 270 காட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மீட்டரோ கம்பியே இல்லாததுபோல் காட்டியது. உள்ளே எங்கேயோ அறுந்த முனைகள் குளிரில் தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் இருந்திருக்கின்றன. புளியமரத்தடியில் தனியாக நின்று சிரித்தேன். ஆடு மேய்த்த பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

புதிய காயில் சில நூறு ரூபாய்தான். மேக்னட் மூடியைக் கழற்றி நானே மாற்றினேன். மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தாளைக் கிழித்துக்கொண்டதை மட்டும் யாரிடமும் சொல்லாதே. அதன் பிறகு இரண்டு முறை மலை ஏறிவிட்டேன், தேநீரும் நிதானமாகக் குடித்தேன்.

பழைய காயில் மேசைமேல் கிடக்கிறது. இப்போது அளந்தாலும் 210 காட்டுகிறது, அயோக்கியன்!

ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வா. உன் முட்டி பின் இருக்கைக்குச் சம்மதிக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்