பொதிந்ததில் தவறு இல்லை: வாடகை வேனில் நனைந்து உறைந்த மண்பாண்டங்கள் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
வேன் வாடகைப் பிரிவு

பொருள்: குளிர்கால டயர் இல்லாத, பின்கதவு ஒழுகும் வேனைக் கொடுத்ததும், சேதத்துக்கான பழியை என்மேல் போட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் முதல் புகாருக்கு உங்களிடமிருந்து பதில் வந்தது. "எளிதில் உடையும் பொருள்களை வாடிக்கையாளர் சரியாகப் பொதியாததால் ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரே வரி. நான் எழுதியதோ இரண்டு பக்கம். அதில் வேனைப் பற்றிச் சொன்ன எதற்கும் அந்த வரியில் பதில் இல்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

நான் மண்பாண்டம் செய்து, வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவள். மற்ற மாதங்களில் வனைந்து, சுட்டு, சேர்த்து வைப்பதைக் குளிர்காலக் கண்காட்சிகளில்தான் விற்கிறேன். ஒரு பயணம் கெட்டால் பல மாத உழைப்பு கெட்டது மாதிரி. அதனால்தான் பதிவு செய்யும்போதே படிவத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருந்தேன்: குளிர்கால டயர் வேண்டும், சரக்கு வைக்கும் இடத்தில் தண்ணீர் புகக் கூடாது. இரண்டுக்கும் "சரி" என்று எழுதிய உங்கள் உறுதிச் செய்தி என்னிடம் இருக்கிறது.

வேனை எடுத்தபோது இருட்டிவிட்டது. சக்கரம் முழுக்கச் சேறு. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று உங்கள் ஊழியர் சொன்னார், நம்பிக் கிளம்பினேன். இரண்டாம் நாள் ஒரு சரிவில் மெதுவாகத்தான் இறங்கினேன். பிரேக்கில் கால் வைத்ததும் வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. எதிரே யாரும் வராதது என் நல்ல நேரம். ஓரமாக நிறுத்தி டயரைத் துடைத்துப் பார்த்தேன். குளிர்கால டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். நான்கில் ஒன்றில்கூட அது இல்லை. முன்சக்கரங்கள் இரண்டிலும் சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும், பின்சக்கரங்களில் அதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "அந்த எழுத்து இருந்தாலே குளிர்கால டயர்தான்" என்றார்கள். அப்படி இல்லை. அந்த எழுத்துகளைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம், பனியில் சோதித்துக் காட்டத் தேவையில்லை. மலைக் குறியைச் சோதனையில் தேறிய டயருக்குத்தான் தருவார்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும், பிடிப்பு குறைந்துவிடும். நான் ஓட்டிய ஆறு நாளும் வெப்பநிலை அதற்கு மேல் ஏறவே இல்லை.

இனி பாண்டங்களைப் பற்றி. என் முக்கியமான குறை இதுதான்.

பின்கதவின் அடிப்பக்க ரப்பர் பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சக்கரம் வாரி அடித்த பனிச்சேற்று நீர் அதன் வழியாக உள்ளே வந்திருக்கிறது. முதல் இரண்டு கண்காட்சிகளில் மேல் வரிசைப் பெட்டிகளில் இருந்ததையே எடுத்து விற்றேன், கீழ் வரிசையைத் தொடவில்லை. தொட்டிருந்தால் முன்னமே தெரிந்திருக்கும், அதை மறைக்க எனக்கு எதுவும் இல்லை. நான்காம் நாள் காலையில் கீழ்ப் பெட்டியை இழுத்தபோது, அட்டை தரையோடு பனியில் ஒட்டிக்கொண்டு வரவே மறுத்தது. இரவில் உறைந்து, பகலில் இளகி, மறுபடி உறைந்து என்று மூன்று இரவுகள் அது அப்படியே கிடந்திருக்கிறது.

உடைந்த துண்டைப் பார்த்தாலே எப்படி உடைந்தது என்று குயவர்களுக்குத் தெரியும். அடிபட்டு உடைந்தால், பட்ட இடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அங்கிருந்து கீறல்கள் நாலாபக்கமும் ஓடும், பெட்டிக்குள் கூரான சில்லுகள் கிடக்கும். என் பெட்டிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. அடிவளையத்தில், அதாவது கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இல்லாத பாகத்தில், மண் இதழ் இதழாக உரிந்திருந்தது. அதற்கு மேலே மெருகு செதில் செதிலாகக் கழன்றிருந்தது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது. சுமார் 1,050 டிகிரியில் சுட்ட செம்மண் பாண்டத்தின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. மெருகில்லாத அடிப்பாகம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அது உள்ளேயே உறைந்து பருக்கும்போது மண்ணைப் பிளந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கீழ் வரிசையில், அதே பெட்டிகளில், 22 ஸ்டோன்வேர் கோப்பைகளும் இருந்தன. அவற்றை 1,250 டிகிரிக்கு மேல் சுட்டிருந்தேன். அந்தச் சூட்டில் மண் இறுகிவிடுவதால் தண்ணீர் உள்ளே போக அநேகமாக இடமே இருக்காது. ஒரே கை, ஒரே காகிதம், ஒரே பெட்டி. அந்த 22 கோப்பையும் முழுசாக வந்தன. பக்கத்திலேயே இருந்த 64 செம்மண் பாண்டங்களில் 41 வீணாயின. பொதிந்தது சரியில்லை என்றால் கோப்பைகள் மட்டும் எப்படித் தப்பின?

அந்த 41 எல்லாம் பார்த்ததுமே உடைந்ததாகத் தெரிந்தவை அல்ல. துடைத்து மேசையில் அடுக்கிய பிறகு, ஒரு பெண்மணி கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தார். மெருகு அவர் விரலோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளை, கையைக் கிழிக்கவில்லை. உடனே எல்லாச் செம்மண் பாண்டங்களையும் மேசையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கணீரென்று ஒலிக்க வேண்டியவை டொக்கென்று அடங்கின. உள்விரிசல் விழுந்த பாண்டத்தைத் தெரிந்தே விற்க என்னால் முடியாது. வருஷா வருஷம் என்னைத் தேடி வருகிறவர்கள் முன்னால், பாதி காலியான மேசையோடு இரண்டு நாள் நின்றேன். அந்த மனவருத்தத்துக்கு உங்களிடம் நான் கணக்குக் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். வீணான 41 பாண்டங்களுக்கான இழப்பீட்டைத் தர வேண்டும், விலைப்பட்டியலை முன்பே அனுப்பியிருக்கிறேன். கேட்ட டயர் இல்லாத வண்டியைத் தந்ததற்காக வாடகையில் உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், நான் சரியாகப் பொதியவில்லை என்ற வரியை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். பணம் கொஞ்சம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன், அந்த வரி உங்கள் கோப்பில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வேனையும் டயர் மாற்றி, கதவுப் பட்டை மாற்றும் வரை தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்து எடுப்பவர் குழந்தைகளோடு அந்தச் சரிவில் இறங்கலாம்.

டயர், கிழிந்த பட்டை, பனியில் ஒட்டிய பெட்டி ஆகியவற்றின் புகைப்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். உடைந்த பாண்டங்களில் ஒன்றையும் நான் எறியவில்லை. எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று எண் எழுதி, அதே பெட்டிகளில் வைத்திருக்கிறேன். 14 நாளுக்குள் உங்கள் ஆள் யாரையாவது அனுப்புங்கள். வந்து கையில் எடுத்து, தட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்