அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை: வாசிப்பு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசிப்பு வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒளிப்பதிவும் உங்களிடமே இருக்கிறது. வாட்ஸப் குழுவில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "பார்க்கிறோம் அக்கா" என்று பதில் வந்தது, அதோடு சரி. அதனால் இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். அன்றைக்கு நாம் விருந்தினராக அழைத்துவிட்டு, பேச விடாமல் உட்கார வைத்த அந்த அம்மாவுக்கு இன்னொரு அமர்வு கொடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்காத அமர்வாக அது இருக்கட்டும்.

அவரை அழைத்து வந்தவள் நான். டெக்சஸின் சான் அன்டோனியோவில் பதினொரு வருடமாக அவர் எனக்குப் பக்கத்து வீடு. எழுபத்து நான்கு வயது. நான் அவரை சென்யோரா என்பேன், அவர் என்னை மிஹா என்பார், மகளே என்று. லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண் எழுத்தாளர்களின் சூனியக்காரி நாவல்களைப் பற்றிப் பேசப் போகிறோம், அந்த மரபிலேயே வாழ்ந்த ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. "நான் வந்து என்ன சொல்லப் போகிறேன் மிஹா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நீல ரவிக்கையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்து ரூடா இலையோடு காரில் ஏறினார். நம் ஊரில் அருவதா என்று சொல்வோமே, அதே செடிதான். ஒருவர் வீட்டுக்கு முதல் தடவை வெறுங்கையோடு போகக்கூடாது என்றார். அந்தக் கொத்து சமோசாத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கூட்டம் முடிந்ததும் யாரோ காகிதத் தட்டுகளோடு சேர்த்து அதையும் குப்பைப் பையில் போட்டார்கள். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒளிப்பதிவில் ஐம்பத்திரண்டாவது நிமிடம். "உங்கள் பாட்டி காலத்து மந்திரம் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டீர்கள். அவர் எப்போதும் செய்வதுபோல இடது கையால் வாயை லேசாக மறைத்துக்கொண்டு, "நோ சே நாதா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. "எல்லாம் என் அம்மாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மூச்சு இழுத்தார். அந்த மூச்சுக்குள் ஒருங்கிணைப்பாளர் தம்பி, "ஓ, அவங்களுக்கு அவ்வளவாத் தெரியாதாம், பரவாயில்லை, நாம நாவலுக்கு வருவோம்" என்றார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் நாவல் ஓடியது. அந்த அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

தம்பி நல்ல பிள்ளை, வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். நம் வீட்டு அம்மாக்களும் பாட்டிகளும் எப்படிப் பேச்சைத் தொடங்குவார்கள்? "எனக்கென்னடா தெரியும்" என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சொல்வார்கள். அவர்களுக்கு அதுதான் வாசற்படி. அன்றைக்கு நாம் வாசற்படியிலேயே கதவைச் சாத்திவிட்டோம்.

அவருக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் சின்ன மகளை ஒரு நாய் துரத்தியது. கடிக்கவில்லை. ஆனால் ஐந்து நாள் பிள்ளை தூக்கத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள், சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு முட்டையோடு வந்தார். "சுஸ்தோ" என்றார். நாம் பயந்த கோளாறு என்போமே, அது. பிள்ளையைப் படுக்க வைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை முட்டையால் தடவி இறக்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைக்கரு நூல் நூலாக மேலே எழும்பி நின்றது. அதை அவர் பார்த்த பார்வை, எங்கள் பல் மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பாரே, அப்படி இருந்தது. அன்றிரவு பிள்ளை தூங்கினாள். முட்டையால்தான் தூங்கினாளா என்று நான் வாதாட வரவில்லை. உதட்டுக்குள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கிறிஸ்தவ ஜெபமான விசுவாசப் பிரமாணம்தான், மூன்று முறை என்றார். அதை ஏன் சத்தமாகச் சொல்லக்கூடாது? "அம்மா அப்படித்தான் சொன்னாள்."

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதில்தான் அந்த நாவல்கள் எல்லாமே அடங்கியிருக்கின்றன. மெக்சிகோ நகரத்தில் 1571இல், ஸ்பெயின் ஆட்சியில், கத்தோலிக்க மத விசாரணை மன்றம் அமைந்தது. 1820 வரை இருந்தது. யாராவது பச்சிலை கொடுக்கிறாளா, எதையாவது முணுமுணுக்கிறாளா, வந்து சொல்லுங்கள் என்று தேவாலயத்தில் ஆணை வாசித்தார்கள். கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் பவுலா தெ எகிலூஸ் என்ற கறுப்பினப் பெண் வைத்தியச்சியை 17ஆம் நூற்றாண்டில் மூன்று முறை விசாரித்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அம்மா மகளுக்கு மருந்தையும் கற்றுக்கொடுப்பாள், அதோடு சேர்த்து வாயை மூடவும் கற்றுக்கொடுப்பாள். கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லு என்பாள். மூடிய வாயில் ஈ நுழையாது என்று ஸ்பானிஷில் ஒரு பழமொழியே உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ இன்னும் அழகு என்று பெண்பிள்ளைகளுக்கென்றே இன்னொன்று. நூறு நூறு வருடமாகப் பொய்யாகச் சொல்லிக்கொண்டே வந்த "எனக்கு ஒன்றும் தெரியாது", ஏதோ ஒரு தலைமுறையில் சொல்பவளுக்கே உண்மையாகிவிடுகிறது. மௌனம் சொத்தாக வந்தால் சந்தேகமும் கூடவே வருகிறது. அந்த அம்மாவின் இடது கை வாய்க்குப் போகிறதே, அது அவர் கை மட்டும் இல்லை.

பேசியவளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மெக்சிகோவின் வஹாக்கா மலையில், வாவ்த்லாவில் மரியா சபீனா என்ற மசாத்தெக் பழங்குடி மூதாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர். 1955இல் நியூயார்க்கிலிருந்து போன கார்டன் வாசன் என்ற வங்கியாளரை, புனிதக் காளான் வைத்து நடத்தும் இரவுச் சடங்கில் உட்கார அனுமதித்தார். 1957இல் அது லைஃப் பத்திரிகையில் வந்தது. பெயரை மாற்றித்தான் போட்டார்கள், அப்படியும் ஊர் தெரிந்துவிட்டது. வெளியூர்க் கூட்டம் குவிந்தது, ஊர்க்காரர்கள் அவர்மேல் பழி போட்டார்கள், வீடு எரிந்தது. சடங்கில் அவர் பாடும்போது 'நான் இன்ன பெண், நான் இன்ன பெண்' என்று அடிமேல் அடியாக வருமாம். அங்கே அவருக்குத் தன்மேல் துளி சந்தேகம் இல்லை. வெளியே வந்தபோதுதான் எல்லாம் பறிபோயிற்று. 1985இல் ஏழையாகவே செத்துப்போனார்.

நம் பக்கத்து டெக்சஸ் கதைக்கு வருவோம். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 1942இல் பிறந்த எழுத்தாளர் குளோரியா அன்சல்துவா, பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியதை 1987இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அதே அடி கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார். தன் மகள் அந்த அடியை வாங்கக்கூடாது என்று வீட்டில் ஸ்பானிஷையே நிறுத்தினார். இப்போது பத்தொன்பது வயதுப் பேத்தி இருக்கிறாள், அன்றைக்குத் துணைக்கு வந்தாளே, அவள்தான். பாட்டியின் அடுக்களையில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாட்டிகளைப் பற்றி ஆங்கில நாவலில் படிக்கிறாள். பாட்டியிடம் கேட்க அவளுக்குச் சொல் இல்லை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் இந்த விஷயத்துக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. இதைவிட வேறென்ன கதை வேண்டும் உங்களுக்கு?

அன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட நாவலும் இதே கதைதான். எக்குவடோரில் பிறந்த சொராய்தா கோர்தோவா 2021இல் எழுதியது. பாட்டி ஓர்க்கிதியா தான் எங்கிருந்து வந்தாள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. சொத்தைப் பிரித்துத் தருகிறேன் வாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு மரமாகிப் போகிறாள். அந்த நாவல் எனக்குப் பிடித்தது. அதில் பாட்டியின் பழைய வாழ்க்கைக்குத் தனி அத்தியாயங்கள் இருக்கின்றன, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் நாம் எதைப் பேசினோம்? பேரப்பிள்ளைகளின் உடம்பில் பூ பூப்பதைப் பற்றி, சக்தி கிடைப்பதைப் பற்றி. பாட்டியின் மௌனத்தைக் கதைக்குப் போட்ட பூட்டு என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். இந்த வகை நாவல்கள் பலவற்றிலும் இதுதான் எனக்கு உறுத்துவது. பதினைந்து வயதுப் பெண் தன்னை நம்பாமல் தவிப்பதற்கு முந்நூறு பக்கம். ஐம்பது வருடம் தன்னை நம்பாமலேயே ஊருக்கு வைத்தியம் பார்த்தவளுக்கு இரண்டு பக்கம், அதிலும் கொஞ்ச நேரத்தில் சாவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை மேடையில் "நம்ம ஊர் ப்ரூஹா" என்று அறிமுகப்படுத்தினீர்கள். இளம் லத்தீனாக்கள் அந்தச் சொல்லைப் பெருமையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அவர் தலைமுறைக்கு அது வசவு. குணமாக்குகிறவள் குராந்தெரா, கெடுக்கிறவள் ப்ரூஹா. குராந்தெரா என்றுகூட அவர் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை, கடவுள் கொடுத்ததை நான் என்ன சொல்வது என்பார். நம் பாட்டி யாருக்கோ வேப்பிலை அடித்தாள் என்பதற்காக அவளை மேடையேற்றி 'நம்ம ஊர் சூனியக்காரி' என்றால் நாம் சும்மா இருப்போமா?

இது ஒருநாள் தவறு என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். நம் வட்டத்தில் நான் ஆறு வருடம். வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் முக்கால் மணி நேரம் போகிறது. லத்தீன் அமெரிக்கா என்றாலே கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸ், மார்க்கேஸ் என்றாலே மாய யதார்த்தம், பேசுவது அதே நான்கு ஆண்கள். நடக்காததையெல்லாம் முகம் மாறாமல் சொன்ன தன் பாட்டியிடமிருந்துதான் கதை சொல்லும் விதம் தனக்கு வந்தது என்று மார்க்கேஸே சொன்னார். பேரனை நாற்பது வருடமாகக் கொண்டாடுகிறோம். அப்படிப்பட்ட ஒரு பாட்டி நம் அறைக்கே வந்து உட்கார்ந்தபோது நாற்பது விநாடிகூடக் கொடுக்கவில்லை. நம் வட்டத்துப் பெரியம்மாக்களும் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள். மூன்று கூட்டமாகத் தேநீர்க் கணக்கு பார்ப்பதைத் தவிர அவர்கள் குரலை நான் கேட்கவில்லை. அதைச் சொல்லப் போனால் இன்னொரு மடல் ஆகும், விடுகிறேன்.

வேறு எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது இதுதான். அவருக்கு ஒரு அமர்வு, ஒரு மணி நேரம். ஒரே ஒரு கேள்வி போதும், அதையும் நான் கேட்கிறேன். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர் சொன்னால் காத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகட்டும், இரண்டு நிமிடம் ஆகட்டும், காத்திருங்கள். யூட்யூபில் போட்ட ஒளிப்பதிவின் தலைப்பில் இருக்கும் ப்ரூஹா என்ற சொல்லை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அந்த அமர்வுக்கு முன்னால் படிக்க மெக்சிகோக்காரர் பிரெண்டா லோசானோ 2020இல் எழுதிய நாவலைப் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அதில் ஃபெலிசியானா என்ற மூத்த குராந்தெரா தன் கதையைத் தானே, தன் போக்கில் சொல்கிறாள். கேட்க வந்த பத்திரிகையாளருக்குத் தனி அத்தியாயங்கள் உண்டு, ஆனால் அவள் பேச்சு அவளிடமே இருக்கிறது.

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "மறுபடியுமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ரூடா தொட்டியில் இப்போது நன்றாகத் தளிர் விட்டிருக்கிறது என்றார். நான் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். தேதியைச் சொல்லுங்கள், நானே அழைத்து வருகிறேன். சாயங்காலம் ஐந்து மணி என்றால் நல்லது, எட்டு மணிக்கு அவர் மாத்திரை போட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வட்டத்தின் ஆறு வருட உறுப்பினர் ஒருத்தி