வாத்தியாருக்கு ஏட்டு எழுதுவது

கோத்தகிரி
ஞாயிறு மாலை

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும், ஆனால் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துபோய் நூல் கட்டி மாட்டிக்கொண்டு திரிகிறேன், குனிந்தால் விழுகிறது. மழை விட்டபாடில்லை. துணி காயவே இல்லை, வீட்டில் எல்லாவற்றிலும் அந்த ஈர வாசனை. நீயும் நானும் ஒரே லைன் வீட்டில் குடியிருந்தபோது உன் பரீட்சைப் பேப்பர்க் கட்டுகளில் பூஞ்சை பிடித்ததே, அதே வாசனைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி டிகிரி முடித்துவிட்டாள், உளவு வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், ஏதோ ஒரு சென்டரில் ‘இன்டெலிஜென்ஸ் டிப்ளமோ, வேலை உறுதி’ என்று 45,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. மத்திய உளவுத்துறைக்குள், அதாவது ஐபிக்குள், நேரடியாகச் சேர உள்துறை அமைச்சகம் அறிவிப்பு போட்டு நடத்துகிற தேர்வுதான் வழி. டிகிரி இருந்தால் ஏசிஐஓ, அதாவது உதவி மத்திய உளவு அதிகாரி வேலைக்கான தேர்வு எழுதலாம், முதல் கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். செக்யூரிட்டி அசிஸ்டென்ட் வேலைக்குப் பத்தாவது போதும், ஆனால் உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும். 2025-ல் முதல் வேலைக்கு 3,717 இடம், இரண்டாவதற்கு 4,987 இடம் என்று அறிவித்தார்கள். வயது 27 தாண்டக் கூடாது, சலுகை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடும். தொழிலைக் கற்றுக்கொடுப்பது தேர்வான பிறகு அவர்கள் பாடு, வெளியில் வாங்கிய டிப்ளமோவைக் காட்டி யாரும் உள்ளே போனதில்லை. மாநிலத்தில் என்றால் முதலில் போலீஸ் தேர்வு எழுதிக் காக்கி போட வேண்டும், தகவல் சேகரிக்கிற தனிப்பிரிவு, நுண்ணறிவுப் பிரிவு எல்லாம் அப்புறம்தான். என்னையே எடுத்துக்கொள். தனிப்பிரிவுக்கு மாற்றியபோது எனக்குக் கிடைத்த பயிற்சி, பழைய ஏட்டு ஒருவர் டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்ன ஒரே வரிதான்: “டீயை மெதுவாகக் குடி, வாயைத் திறக்காதே.”

அதற்காகப் படிப்பே வீண் என்று நினைத்துவிடாதே. காந்திநகரில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தில் வந்தது, பாதுகாப்புத் துறைக்கென்றே படிப்புகள் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதை ஒரு கைத்தொழில் மாதிரியே வைத்திருக்கிறார்கள், பிளம்பருக்கு அப்ரென்டிஸ் இருப்பதுபோல இன்டெலிஜென்ஸ் அனலிஸ்ட் வேலைக்கும் சம்பளத்தோடு அப்ரென்டிஸ் உண்டு. முன்பு அங்கே போலீஸ் ஸ்டேஷன்களில் ‘கொலேட்டர்’ என்றே ஒருவர் இருப்பார், ரோந்து போய் வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கார்டில் எழுதி அடுக்கி வைப்பதுதான் அவருக்கு வேலை. இன்னொன்று, அவளிடம் இதைச் சொல்: இதே வேலை வங்கிகளிலும் இருக்கிறது. சந்தேகப் பணப் பரிமாற்றங்களை எஃப்ஐயூ என்கிற மத்திய அமைப்புக்கு, 2004-ல் தொடங்கியது, வங்கிகள் தெரிவித்தாக வேண்டும். அதற்காக உட்கார்ந்து துண்டு துண்டான தகவலைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் செய்வதும் நாங்கள் செய்ததுதான், ஏசி அறையில் செய்கிறார்கள் அவ்வளவே.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டக் காரணம், இங்கே எனக்கும் ஆறு பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள். நூலகத்தை ஒட்டிய அறையில் ஞாயிறு காலையில் வருகிறார்கள், எல்லாரும் தேர்வு எழுதுகிறவர்கள், காசு வாங்குவதில்லை, வர்க்கி வாங்கி வந்தால் மட்டும் மறுப்பதில்லை. பொது அறிவை அவர்களே படித்துக்கொள்வார்கள், தகவல் எடுப்பதையும் தொகுப்பதையும் மட்டும் எனக்குத் தெரிந்தவரை சொல்லித்தருகிறேன்.

போன மாதம் ஊருக்குள் கரடி வந்தது. கோத்தகிரியில் அது செய்தியே இல்லை, எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவைப் பெயர்க்கும், கோயிலில் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், உனக்குத் தெரியாததா. ஆனால் இந்த முறை ‘மூணு கரடி’ என்று ஊர் முழுக்கப் பேச்சு. சரி, இதுதான் இன்றைக்குப் பாடம் என்று பிள்ளைகளை விரட்டிவிட்டேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே. ஒரு கார்டில் ஒரே விஷயம்தான் எழுத வேண்டும். என்ன, எங்கே, எத்தனை மணிக்கு, சொன்னவர் யார், அவர் தானே பார்த்தாரா அல்லது அவருக்கு யார் சொன்னது. ‘பயங்கரமான’, ‘பெரிய’ மாதிரிச் சொல் வந்தால் கார்டைக் கிழித்துவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினேன்.

மதியத்துக்குள் 23 கார்டு. மேஜையில் பரப்பி முதலில் மணிப்படி அடுக்கினோம், அப்புறம் யார் சொல்லி யாருக்குத் தெரிந்தது என்று கார்டுக்குக் கார்டு நூல் போட்டோம். பார்க்கவே வேடிக்கையாக இருந்தது, 11 நூல் ஒரே பேக்கரிக்காரரிடம் போய் நின்றது. அவர் கரடியைப் பார்க்கவே இல்லை, காலையில் வந்து உடைந்த கதவைத்தான் பார்த்தார்! கண்ணால் பார்த்தவர்கள் மொத்தம் நான்கே பேர். தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேனும் பால்காரரும் ஒன்று என்றார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆட்டோக்காரர் பார்த்தது இரண்டு. ஒன்றையும் இரண்டையும் கூட்டித்தான் ஊர் மூன்று ஆக்கியிருக்கிறது. நான்காவது ஒரு பாட்டி. அவர் சொன்னது, தாய்க்கரடி முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு போனது என்று. நம் ஊர்க் கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் நடக்கும், அப்படி வைத்துப் பார், நான்கு கார்டும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் உட்கார்ந்துகொள்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று, கிட்டத்தில் வெளிச்சம் பட்டால் இரண்டு.

இதில் ஒரு கூத்து. தகவலுக்கு மார்க் போடும் முறை ஒன்று உண்டு, பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்து உலகம் முழுக்கப் பரவியது. சொன்ன ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை, சொன்ன விஷயத்துக்கு 1 முதல் 6 வரை. ஆளையும் விஷயத்தையும் தனித்தனியாக எடை போட வேண்டும், நல்ல ஆளும் தப்பாகச் சொல்லலாம், புளுகனும் ஒருநாள் உண்மை சொல்லலாம், அதற்குத்தான் இரண்டு அளவு. ஒரு பையன் பாட்டிக்கு எஃப் போட்டிருந்தான். ஏனடா என்றேன், “வயசானவங்க சார், கண்ணு தெரியாது, ஃபெயில்” என்றான். எஃப் என்றால் ஃபெயில் இல்லை, இந்த ஆளை எடைபோட இன்னும் வழியில்லை என்றுதான் அர்த்தம், நம்பவே முடியாத ஆளுக்கு ஈ. இந்த இரண்டும் குழம்பித்தான் நல்ல தகவல் பாதி குப்பைக்குப் போகிறது. அன்றிலிருந்து அவன் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு “சார் நீங்க எஃப்பா ஈயா” என்கிறான், போகட்டும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு கார்டு. ஒரு பெண் ‘மூன்று கரடிகள் வந்தன’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைக்காரர் உன்னிடம் சொன்னது எப்படி, அப்படியே சொல் என்றேன். “மூணு கரடி வந்துச்சாம்னு சொன்னார் சார்.” அந்த ‘ஆம்’ எங்கே போயிற்று என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “எழுத்துல எழுதும்போது வரல சார்” என்றாள். நீ தமிழ் வாத்தியார், உனக்கு நான் இலக்கணம் சொல்லக் கூடாது, இருந்தாலும் யோசித்துப் பார், நம் மொழியில் ‘வந்தான்’ என்பவன் பார்த்தவன், ‘வந்தானாம்’ என்பவன் கேட்டவன். வேறு பாஷைக்காரன் படிவம் போட்டுக் கட்டம் கட்டிக் கேட்கிற விவரத்தை டீக்கடையில் இருக்கிற நம் ஆள் ஒரு விகுதியில் போகிற போக்கில் கொடுத்துவிடுகிறான். நாம்தான் அதை எழுதும்போது தின்றுவிடுகிறோம், இங்கிலீஷுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். செக்யூரிட்டி அசிஸ்டென்ட் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 500 சொல் பத்தியை உள்ளூர் மொழியிலிருந்து இங்கிலீஷுக்கும், இங்கிலீஷிலிருந்து உள்ளூர் மொழிக்கும் மாற்றச் சொல்கிறார்களே, அதை வெறும் மொழிபெயர்ப்பு என்று பேத்தி நினைக்க வேண்டாம். ‘ஆம்’ கரை சேருகிறதா என்று பார்த்துப் பழகச் சொல்.

நான் தின்ற ஒரு ‘ஆம்’ பற்றி உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2000 வாக்கில் பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்த நேரம், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது வேறொரு ஸ்டேஷனில் தனிப்பிரிவு. ஒரு சனிக்கிழமை பஸ் கண்டக்டர் ஒருவர் ‘திங்கக்கிழமை ரோட்டை மறிக்கிறாங்களாம் ஏட்டையா’ என்றார். டீக்கடையிலும் அதையே சொன்னார்கள். இலை ஏஜென்ட் ஒருவரும் சொன்னார். மூன்று பேர், மூன்று இடம், போதாதா? நானும் ‘திங்கட்கிழமை மறியல் நடைபெற உள்ளதாக நம்பத்தகுந்த வட்டாரத்திலிருந்து தெரியவருகிறது’ என்று குறிப்பு அனுப்பினேன். மேலே போகப் போகத் ‘தெரியவருகிறது’ம் உதிர்ந்துவிட்டது. திங்கள் காலை இரண்டு வேன் போலீஸ், லாரிகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், பஸ் மூன்று மணி நேரம் ஓடவில்லை. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் மழையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனதை நானே பார்த்தேன், ரோட்டில் மறிக்க வந்தவர் ஒருத்தர்கூட இல்லை. பிறகு விசாரித்தால், அந்த மூன்று பேருக்கும் ஊற்று ஒன்றே, இலை எடை போடுகிற ஒருவர். அவர் சொன்னதும் ‘திங்கக்கிழமை ரோட்டை மறிச்சாத்தான் என்ன’ என்று வயிறெரிந்து ஒரு பேச்சு. மெமோ வந்தது, எழுதிக் கொடுத்துவிட்டேன், அது பெரிதில்லை. அந்தப் பெண்ணின் நனைந்த முக்காடுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை நீ வகுப்பில் நடத்தியபோது ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறேன். மூன்று ஒற்றர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம் என்று பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன் போல. ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்ற முதல் பாதியைக் கோட்டை விட்டுவிட்டேன். மலையூரில் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேருக்கு எங்கே போவது, அது வேறு கதை.

பெரிய இடத்திலும் இதேதான். கார்கிலில் 1999 மே மாதம், காணாமல் போன யாக்கைத் தேடிப் போன டாஷி நம்கியால் என்கிற மேய்ப்பர், எல்லை தாண்டி ஊடுருவியிருந்தவர்களை பைனாகுலரில் பார்த்ததை ராணுவத்திடம் வந்து சொன்னார். பயிற்சி ஒன்றும் இல்லாத மனிதர், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பிறகு நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் குழு போட்டு ஆராய்ந்ததில், பல துறைகள் கையில் இருந்த துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதில் இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. எல்லா அமைப்பின் தகவலும் ஒரு மேஜைக்கு வர வேண்டும் என்று மாக் என்கிற மல்ட்டி ஏஜென்சி சென்டர் அதற்குப் பிறகு வந்ததுதான். கல்யாணப் பத்திரிகை கார்டும் நூலும்தான், கொஞ்சம் பெரிய மேஜை.

பேத்தியிடம் இன்னொன்றும் சொல், இதை எந்த சென்டரும் சொல்லாது. தகவல் கொடுத்தவர் பெயரைக் காப்பாற்றுவதில் பாதி வேலை போய்விடும். குற்றத் தகவலை யார் கொடுத்தார் என்று போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 125-வது பிரிவே சொன்னது. அந்தப் பாதுகாப்பை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அண்டை வீட்டுக்காரன் சண்டையெல்லாம் தகவல் ஆகிவிடும். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகாவது, தேவையில்லாததைக் கார்டில் எழுதாமல் விடுவதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முடிந்தால் லீவில் அவளை இங்கே அனுப்பு, ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துக் கார்டு எழுத வைக்கிறேன். காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது, அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல், என் வீட்டில் இருப்பதெல்லாம் காயாமல் கிடக்கிறது.

கடைசியாக ஒன்று. உனக்கு முழங்கால் ஆபரேஷனாம் என்று இந்த மாதம் மூன்று பேர் சொன்னார்கள். விசாரித்தேன், மூன்று பேரும் போனில் கேட்டது உன் வீட்டம்மாவிடம். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என்றைக்கு, எந்தக் கால், டாக்டர் என்ன சொன்னார், நீயே எழுது.

உன்
பழைய ஏட்டு