கிளினிக் கொப்பியில் உள்ளதைக் கணினியிலும் ஏற்றித் தரக் கோரும் மனு

சுகாதாரப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,
திருகோணமலை மாவட்டம்.

விடயம்: நோயாளர் விவரங்களை ஆஸ்பத்திரிகளுக்கிடையே கணினியில் இணைத்தல் (முன்னைய மனுக்களுக்குப் பதில் கிடைக்காமை)

மதிப்பிற்குரிய ஐயா,

மூதூருக்குத் தெற்கே உள்ள எங்கள் கிராமங்களைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாரியில் மகாவலி பெருகினால் எந்தப் பாதை முதலில் மூடும் என்பதும் தங்களுக்குத் தெரியும். இதே விடயமாக முன்னரும் எழுதினோம். வேலைப்பளுவால் பதில் தாமதமாகியிருக்கலாம் என்று எண்ணி மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் கணினி இருக்கிறது. பெயரும் வயதும் பதிந்து துண்டு தருகிறார்கள், அதோடு சரி. நோயாளி என்ன மருந்து குடிக்கிறார், எது ஒத்துக்கொள்ளாது என்பது டொக்டரின் மேசைக்கு வருவதில்லை.

2. எல்லாம் கிளினிக் கொப்பியில்தான். என் அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையை வாழ்நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டிவிடும், கூடினால் இரத்தக்கசிவு. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து நகரத்துக் கிளினிக்கில் அளவை மாற்றி எழுதுவார்கள். கடந்த மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்து கொப்பி ஊறிப்போனது, மை கரைந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்த வாரமே அம்மாவுக்கு வயிற்றோட்டம். நகரத்துக்குப் போகப் பாதை இல்லாததால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். “இதயத்துக்கு ஒரு சின்னக் குளிசை” என்பதற்கு மேல் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் பெயர் நினைவில் வரவில்லை. வயிற்றோட்டத்துக்கு மெற்றோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்து கொடுத்தார்கள். வார்ஃபரின் குடிப்பவருக்கு அது இரத்தம் உறைவதை மேலும் குறைக்கும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. சில நாளில் முரசில் இரத்தம், சிறுநீரிலும் இரத்தம். உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். அந்த டொக்டரைக் குறைசொல்ல மாட்டேன், அவருக்கு முன்னால் இருந்தது வெறும் துண்டு மட்டுமே.

3. இரத்த ரிப்போட் நகரத்திலிருந்து வரும்வரை பழைய அளவையே குடிக்கிறோம். பரிசோதனைக்கூடத்தில் முடிவு வந்ததும் இங்குள்ள கணினியில் தெரிந்தால் போதும்.

4. நாங்கள் இல்லாத ஊருக்கு வழி கேட்கவில்லை ஐயா. சுகாதார அமைச்சின் கணினி முறைமை பல அரச ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே ஓடுகிறது. நோயாளிக்கு 11 இலக்கச் சுகாதார எண்ணும் கொடுக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ஓர் எண்ணை அடித்தால் மருந்துப் பட்டியலும் ஒவ்வாமையும் முதலில் வர வேண்டும். அதற்குத்தானே அந்த எண்? அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு எண் கொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று அறியாவிட்டால் எதற்குக் கணினி? பெயர் பதியப் பழைய பதிவேடே போதுமே! கரண்ட் போனால் கணினியும் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். சரி, பற்றரி வையுங்கள். வெள்ள நாளில்தான் இது கட்டாயம் வேண்டும். எல்லாருடைய நோயையும் எல்லாரும் பார்க்கத் தேவையில்லை, சிகிச்சை கொடுப்பவர் மட்டும் பார்க்கும்படி பூட்டுப் போடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

5. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. வார்ஃபரின், இன்சுலின் எடுப்பவர்கள், வலிப்பு நோயாளிகள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், இவர்களின் விவரத்தையாவது முதலில் ஏற்றுங்கள்.

6. கொப்பியும் இருக்கட்டும். அது மட்டுமே இருக்கக் கூடாது.

ஐயா, தயவுசெய்து அடுத்த மாரிக்கு முன் இதைச் செய்து தாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றும், ஏன் என்றும், தமிழில் எழுத்துமூலம் அறிவியுங்கள். மனு கிடைத்ததா என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நிற்க எங்களால் முடியாது. மீண்டும் தாழ்மையுடன் கேட்கிறோம்: கொப்பியில் உள்ளதைக் கணினியிலும் ஏற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
கிளினிக் நோயாளர்களும் குடும்பத்தினரும் சார்பாக

இணைப்பு: முன்னைய மனுக்களின் பிரதிகள், நனைந்த கொப்பியின் படம்